ஊன்றுகோலை உதற வைத்த டாக்டர்

இங்கிலாந்து நாட்டில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு கெட்டுப்போனது. டாக்டர்கள் ஆபரேஷன் செய்தார்கள். தேய்ந்துபோன எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் குண்டு ஒன்றைப் பொருத்தினார்கள்.

வலி குறைந்தது. ஆனால், வேறு ஒரு தொல்லை வந்து சேர்ந்தது.

அவர் குனிந்தால் இடுப்புக்குள் இருந்து கீச் கீச் என்று சத்தம் கேட்டது. எண்ணெய் போடாத கதவைத் திறந்தால் எப்படிச் சத்தம் வருமோ, அப்படி!

மனைவியால் அந்தச் சத்தத்தைச் சகிக்க முடியவில்லை. கணவர் பக்கத்தில் உட்காருவதையே தவிர்க்கத் தொடங்கினார்.

மனம் நொந்த அந்த மனிதர், மான்செஸ்டர் நகரில் இருந்த ஒரு எலும்பு டாக்டரிடம் போய் முறையிட்டார்.

கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். அந்த டாக்டர் சிரிக்கவில்லை. சிந்தித்தார்.

கடவுள் கொடுத்த மூட்டு சத்தம் போடுவது இல்லை. மனிதன் வைத்த மூட்டு மட்டும் ஏன் சத்தம் போடுகிறது?

இந்த ஒரு கேள்வி, உலகம் முழுவதும் கோடிக்கணக்கான மக்களின் வாழ்க்கையை மாற்றியது.

அந்த டாக்டரின் பெயர், ஜான் சார்ன்லி.

மருந்துக்கடைக்காரர் மகன்

இங்கிலாந்தில் லங்காஷயர் என்று ஒரு மாவட்டம். பஞ்சாலைகளுக்குப் பேர் போனது. அங்கே பரி என்ற ஊரில், 1911-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ந்தேதி சார்ன்லி பிறந்தார்.

தந்தை மருந்துக்கடை வைத்து இருந்தார். தாயார், திருமணத்துக்கு முன்பு நர்சு வேலை பார்த்தவர். சார்ன்லிக்கு ஒரு தங்கை உண்டு.

சார்ன்லி உள்ளூர் பள்ளிக்கூடத்தில் படித்தார். பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1935-ம் ஆண்டு டாக்டர் ஆனார். மறு ஆண்டே, ஆபரேஷன் நிபுணர்களுக்கான மேல்படிப்புத் தேர்விலும் வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது 25 தான்.

மருந்தும் கத்தியும் மட்டும் அவர் மனதைக் கவரவில்லை. எந்திரங்கள் மீதும் அவருக்கு ஆசை அதிகம். ஒரு பொருளைக் கையில் எடுத்தால், அது எப்படி இயங்குகிறது என்று பார்க்காமல் கீழே வைக்க மாட்டார்.

போர்க்களத்தில்

இரண்டாவது உலகப்போர் மூண்டது. 1940-ம் ஆண்டு சார்ன்லி ராணுவ டாக்டராகச் சேர்ந்தார். பிரான்சு நாட்டில் ஜெர்மன் படை நெருங்கி வந்தபோது, டன்கர்க் கடற்கரையில் இருந்து ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் வீரர்கள் கப்பல்களிலும் படகுகளிலும் தப்பி வந்தார்கள் அல்லவா? அந்த மீட்பு வேலையில் சார்ன்லியும் இருந்தார்.

பிறகு எகிப்து நாட்டுக்கு அனுப்பப்பட்டார். கையும் காலும் முறிந்த வீரர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். முறிந்த காலை அசையாமல் தாங்கும் சட்டங்கள் தேவைப்பட்டன. ராணுவப் பட்டறைத் தொழிலாளர்களுடன் சேர்ந்து, சார்ன்லியே புதிய கருவிகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார்.

எலும்பு வைத்தியம் என்பது பாதி மருத்துவம், பாதி தச்சு வேலை, கொல்லு வேலை என்பதை அங்கேதான் அவர் நன்றாக உணர்ந்தார்.

தன் காலையே வெட்டச் சொன்னார்

போர் முடிந்து ஊர் திரும்பினார். ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊரில் உள்ள எலும்பு ஆஸ்பத்திரியில் சில காலம் பணியாற்றினார்.

ஒரு இடத்து எலும்பை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தால், அது எப்படி ஒட்டிக்கொள்கிறது? இதை அறிய அவருக்கு ஆவல். யாரிடம் சோதிப்பது?

தன் காலிலேயே சோதிக்க முடிவு செய்தார்! உடன் வேலை பார்த்த டாக்டரைக் கொண்டு, தனது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் ஆபரேஷன் செய்துகொண்டார்.

சோதனை விபரீதமாக முடிந்தது. எலும்பில் சீழ் பிடித்தது. மேலும் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. பெரும் வேதனைப்பட்டார்.

ஆபரேஷன் புண்ணில் கிருமி புகுந்தால் நோயாளி என்ன பாடுபடுவான் என்பதைத் தன் உடம்பிலேயே தெரிந்துகொண்டார். இந்தப் பாடம் பிற்காலத்தில் அவருக்குப் பயன்பட்டது.

1947-ம் ஆண்டு மான்செஸ்டர் ராயல் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெரிய டாக்டர் பதவி கிடைத்தது. எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் இல்லாமல் வைத்தியம் செய்வது பற்றி, 1950-ல் ஒரு புத்தகம் எழுதினார். அது அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது.

1957-ம் ஆண்டு, தமது 45-வது வயதில், ஜில் என்ற பெண்ணை மணந்தார். அவர்களுக்கு ஒரு மகனும், ஒரு மகளும் பிறந்தார்கள்.

மூட்டின் ரகசியம்

கீச்சிடும் இடுப்புக்காரர் சார்ன்லியிடம் வந்தது, 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான்.

நம் இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் குண்டும் போன்றது. தொடை எலும்பின் மேல் முனை, குண்டு போல உருண்டு இருக்கும். இடுப்பு எலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் அது சுழலும். இரண்டின் மேலும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடி இருக்கும்.

வாத நோயால் அந்தக் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால், எலும்போடு எலும்பு உரசும். எழுந்தால் வலி. நடந்தால் வலி. படுத்தாலும் வலி. அந்தக் காலத்தில் இதற்கு நல்ல வைத்தியம் கிடையாது. ஊன்றுகோலே கதி. முற்றினால் படுக்கையே கதி.

பாரிஸ் நகரில் ஜூடே சகோதரர்கள் என்ற இரண்டு டாக்டர்கள், 1946-ம் ஆண்டு முதல் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கில் குண்டு செய்து பொருத்தி வந்தார்கள். கீச் கீச் என்று கத்தியது அந்த வகைக் குண்டுதான்.

இயற்கையான மூட்டு எவ்வளவு வழுக்குகிறது என்று சார்ன்லி கருவி வைத்து அளந்தார். பனிக்கட்டி மீது இரும்புச் சறுக்குக் கட்டை எப்படி வழுக்குமோ, அதைவிட அதிகமாக வழுக்கியது!

எண்ணெய் போன்ற மூட்டு நீரை நம்பிப் பயன் இல்லை, வைக்கும் பொருளே வழுக்கும் பொருளாக இருக்கவேண்டும் என்று அவர் முடிவு கட்டினார்.

அப்படிப்பட்ட பொருள் எது?

தோசை ஒட்டாமல் இருப்பதற்காகத் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, டெப்லான்! அந்த வகைப் பிளாஸ்டிக்கைத் தேர்ந்து எடுத்தார்.

குண்டும் கிண்ணமும்

விகன் நகருக்கு அருகே ரைட்டிங்டன் என்று ஒரு ஆஸ்பத்திரி. அது காசநோயாளிகளுக்காக ஏற்பட்டது. காசநோய் குறையத் தொடங்கியதால், அங்கே படுக்கைகள் காலியாயின. சார்ன்லி அங்கே இடுப்பு வைத்தியத்துக்குத் தனி இடம் அமைத்தார். ஒரு பட்டறையும் வைத்தார். ஹாரி கிராவன் என்ற தொழிலாளி அதில் அவருக்கு வலது கை போல இருந்தார். சார்ன்லி வீட்டிலும் ஒரு கடைசல் எந்திரம் வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் வேலை செய்தார்.

அவர் செய்த ஏற்பாடு இதுதான்.

தொடை எலும்பின் தலையை வெட்டி எடுப்பார். எலும்பின் உள்ளே, உலோகத் தண்டு ஒன்றைச் செருகுவார். தண்டின் மேல் முனையில் சிறிய உலோகக் குண்டு இருக்கும். இடுப்புக் குழியில் பிளாஸ்டிக் கிண்ணத்தை வைப்பார். குண்டு கிண்ணத்தில் சுழலும்.

மற்றவர்கள் குண்டைப் பெரிதாக வைத்தார்கள். சார்ன்லி படிப்படியாகக் குறைத்து, முக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக, சுமார் 22 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டு வந்தார். வண்டியின் அச்சு பருமனாக இருந்தால் உரசல் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். மெல்லியதாக இருந்தால் சக்கரம் எளிதில் சுழலும். அதே தத்துவம்தான்!

தண்டு எலும்புக்குள் ஆடாமல் நிற்கவேண்டுமே? பல் டாக்டர்கள் பொய்ப்பல் கட்டப் பயன்படுத்தும் அக்ரிலிக் மாவைக் குழைத்து உள்ளே அடைத்தார். கதவு நிலையைச் சுற்றிக் கொத்தனார் சிமெண்டு அடைப்பது போல, அது இறுகிப் பிடித்துக்கொண்டது. இந்த யோசனைக்கு, மான்செஸ்டர் பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டென்னிஸ் ஸ்மித் என்ற நிபுணர் உதவினார்.

இடி விழுந்தது

1958-ம் ஆண்டு முதல் டெப்லான் மூட்டு ஆபரேஷன்கள் நடந்தன.

பலன் அற்புதமாக இருந்தது! பல ஆண்டுகளாகத் துடித்தவர்கள் வலி இல்லாமல் நடந்தார்கள். ஊன்றுகோலைத் தூக்கி எறிந்தார்கள். 1961-ம் ஆண்டு சார்ன்லி இதுபற்றி லண்டன் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். ஏறத்தாழ 300 பேருக்கு ஆபரேஷன் ஆனது.

ஆனால், இரண்டு மூன்று ஆண்டுகளில் நிலைமை மாறியது.

நன்றாக நடந்தவர்கள் மறுபடியும் வலி என்று வந்தார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், உலோகக் குண்டு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் குடைந்துகொண்டு உள்ளே போய் இருந்தது!

டெப்லான் வழுக்கியது உண்மை. ஆனால், அதற்கு உறுதி இல்லை. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் துகள் துகளாகத் தேய்ந்தது. அந்தத் துகள்கள் சுற்றிலும் உள்ள சதையைப் புண்ணாக்கின. எலும்பை அரித்தன. மூட்டு ஆட்டம் கண்டது.

சார்ன்லி மனம் உடைந்தார். இரவில் தூக்கம் வரவில்லை. தம்மை நம்பி வந்தவர்களின் உடம்புக்குள், தம் கையாலேயே தீங்கை வைத்துவிட்டோமே என்று வேதனைப்பட்டார்.

அந்தத் துகள்தானா காரணம் என்பதை உறுதி செய்ய வேண்டும். அதற்கும் அவர் வேறு ஆள் தேடவில்லை. டெப்லான் தூளைத் தமது தொடையிலேயே செலுத்திக்கொண்டார்! செலுத்திய இடத்தில் கட்டி எழும்பியது. சந்தேகம் தீர்ந்தது.

அவர் தோல்வியை மறைக்கவில்லை. தமது மூட்டு தோற்றுவிட்டது என்று மருத்துவ உலகுக்குத் தாமே எழுதி அறிவித்தார். தோற்ற மூட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடியும் திறந்து அகற்றும் வேலையிலும் இறங்கினார்.

ஒருவன் தன் தவறைத் தன் கையாலேயே, ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கான முறை திருத்துவது எளிதான காரியமா?

தறியில் இருந்து வந்த பிளாஸ்டிக்

1962-ம் ஆண்டு மே மாதம். சார்ன்லியின் பட்டறைக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். அவர் கையில் புது மாதிரியான பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருந்தது. பஞ்சாலைகளில் தறிகளின் பற்சக்கரங்களுக்கு அதைப் பயன்படுத்தி வந்தார்கள்.

அது பாலிதீன் வகையைச் சேர்ந்தது. கடையில் சாமான் போட்டுத் தரும் பையும் பாலிதீன்தான். ஆனால், இது வேறு ரகம்.

தேங்காய் நாரைத் திரித்துக் கயிறு செய்கிறோம். நார் குட்டையாக இருந்தால், கயிறு சீக்கிரம் பிய்ந்துவிடும். நார் நீளமாக இருந்தால், ஒன்றோடு ஒன்று நன்றாகப் பின்னிக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். பிளாஸ்டிக்கும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத நீண்ட அணுச் சங்கிலிகளால் ஆனது அது. சாதாரணப் பாலிதீனைவிட, இந்தப் புது ரகத்தில் சங்கிலிகள் பல மடங்கு நீளம். அதனால்தான் அவ்வளவு உறுதி.

கிராவன் அதை ஆவலோடு சார்ன்லியிடம் காட்டினார். சார்ன்லி நகத்தால் அழுத்திப் பார்த்தார். டெப்லான் அளவுக்கு வழுக்கவும் இல்லை. இது வீண் வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கிராவனுக்கு மனம் கேட்கவில்லை. தேய்மானத்தைச் சோதிக்கும் எந்திரத்தில் அந்தத் துண்டை மாட்டி ஓடவிட்டார். சார்ன்லி வெளிநாடு போய் இருந்தார். எந்திரம் இரவு பகலாக ஓடியது.

மூன்று வாரம் ஆயிற்று. கிராவன் அளந்து பார்த்தார்.

டெப்லான் ஒரே நாளில் எவ்வளவு தேயுமோ, அந்த அளவுகூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை!

சார்ன்லி திரும்பி வந்து பார்த்தார். தாம் ஒதுக்கித் தள்ளிய பொருள்தான் தாம் தேடிய பொருள் என்று தெரிந்துகொண்டார். பட்டறைத் தொழிலாளியின் பேச்சு சரி, தம்முடைய தீர்ப்பு தவறு என்று ஏற்றுக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை.

அவசரம் கூடாது

1962-ம் ஆண்டு நவம்பர் மாதம், புதிய பிளாஸ்டிக் கிண்ணம் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இந்தத் தடவை சார்ன்லி ஊருக்குப் பறைசாற்றவில்லை. சூடு கண்டவர் அல்லவா? ஆண்டுதோறும் நோயாளிகளை வரவழைத்து எக்ஸ்ரே எடுத்தார். கிண்ணம் எவ்வளவு தேய்ந்து இருக்கிறது என்று அளந்தார். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் தேய்ந்தது.

ஏறத்தாழ 5 ஆண்டுகள் அவர் பொறுத்து இருந்தார். அதன் பிறகே மற்ற டாக்டர்களுக்கு வழிவிட்டார். அதிலும், ரைட்டிங்டனுக்கு வந்து முறையாகக் கற்றுக்கொண்டவர்களுக்கு மட்டுமே மூட்டு விற்கப்பட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்.

நோயாளிகளிடம் அவர் ஒரு விசித்திரமான வேண்டுகோளும் விடுத்தார். இறந்த பிறகு, அந்த மூட்டைத் திருப்பித் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எவ்வளவு தேய்ந்தது, எலும்பு எப்படிப் பிடித்துக்கொண்டது என்று ஆராய்வதற்காக! பலர் மனம் உவந்து சம்மதித்தார்கள்.

காற்றையும் கழுவினார்

இன்னொரு எதிரி இருந்தது. அதுதான் கிருமி.

1960-ல், அவருடைய ஆபரேஷன்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் சீழ் பிடித்தது. தன் காலில் சீழ் பிடித்து அவதிப்பட்ட சார்ன்லியால், இதைப் பொறுக்க முடியவில்லை.

ஆபரேஷன் அறைக்குள் இன்னொரு சிறிய அறை கட்டினார். வடிகட்டிய சுத்தமான காற்று அதற்குள் இடைவிடாமல் பாயும்படி செய்தார். டாக்டர்கள் விடும் மூச்சுக்காற்றுகூட நோயாளி மீது படாதபடி, குழாய் வைத்து உறிஞ்சும் தனி உடைகள் அமைத்தார்.

பத்து ஆண்டுகளில், சீழ் பிடிப்பது நூற்றுக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியது!

பட்டமும் மரணமும்

பெருமைகள் தேடி வந்தன. 1974-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. 1975-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார். 1977-ல் சர் பட்டம் வழங்கப்பட்டது.

1982-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ந்தேதி, சர் ஜான் சார்ன்லி மரணம் அடைந்தார். அப்போது அவருக்கு வயது 70.

இன்னும் உறுதி, இன்னும் உறுதி

அவரோடு வேலை முடிந்துவிடவில்லை.

பாலிதீனும் மெல்ல மெல்லத் தேயத்தான் செய்தது. பதினைந்து, இருபது ஆண்டுகளில், அதன் நுண்ணிய தூளும் சிலருக்கு எலும்பை அரித்தது. கிருமியைக் கொல்ல கிண்ணத்தின் மீது கதிர்வீச்சு செலுத்துவார்கள். அப்போது காற்றில் உள்ள பிராணவாயு சேர்ந்து, பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைவதும் தெரியவந்தது.

விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். கதிர்வீச்சை இன்னும் அதிகமாகச் செலுத்தினால், பிளாஸ்டிக் சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். வலை போல ஆகும். தேய்மானம் மிகவும் குறையும். 1990-க்குப் பிந்திய ஆண்டுகளின் இறுதியில் இந்த ரகம் பழக்கத்துக்கு வந்தது.

ஆனால், ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்க வேண்டி இருந்தது. முடிச்சு அதிகமானால், வளைந்து கொடுக்கும் குணம் குறைகிறது. கதிர்வீச்சின் மிச்சத்தைப் போக்குவதற்காக உருக்கினால், உறுதி மேலும் குறைகிறது. சில கிண்ணங்களில் விளிம்பு வெடித்தது.

அதற்கும் மாற்றுக் கிடைத்தது. உருக்குவதற்குப் பதிலாக, வைட்டமின் 'இ' சத்தைப் பிளாஸ்டிக்கில் கலந்தார்கள். தானியத்திலும் தாவர எண்ணெயிலும் உள்ள அதே வைட்டமின்தான்! அது பிராணவாயுவின் தாக்குதலைத் தடுக்கிறது. உறுதியும் அதிகம் குறைவது இல்லை. 2007-ம் ஆண்டு முதல் இந்த வகைக் கிண்ணங்கள் பொருத்தப்படுகின்றன.

இன்று உலகம் எங்கும், ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இடுப்பு மூட்டு மாற்றப்படுகிறது. படுத்த படுக்கையாய்க் கிடந்த பாட்டி, பேரக்குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு நடக்கிறாள்.

அந்த நடைக்குப் பின்னால், தூக்கம் இழந்த ஒரு டாக்டரின் இரவுகள் இருக்கின்றன. முதலாளி வேண்டாம் என்று சொன்ன பிறகும், எந்திரத்தை நிறுத்தாமல் ஓடவிட்ட ஒரு தொழிலாளியின் பிடிவாதமும் இருக்கிறது.

தவறு செய்யாதவர் உலகில் இல்லை. செய்த தவறை ஒப்புக்கொண்டு, தேடிப் பிடித்துத் திருத்தியவர்கள் சிலரே. சர் ஜான் சார்ன்லி அந்தச் சிலரில் ஒருவர்.